மறுப்பவர் காரணம் எழுதட்டும்

நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டால் என்ன நேரும் என்பதை இடம்பெயர்ந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கென இலங்கைத் தொண்டர்கள் 'சகானா' என்ற கணனி மென்பொருளை ஆக்கினர். லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் அதனை வழிநடத்தியது. அதன் கட்டளை வரிகளை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது உதவியது.

வரிகளைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று தீர்மானிப்பவர் யார்? பல நாட்டவரும் சேர்ந்துகொண்ட பின், 2009இல் சகானாவுக்கென இலாப நோக்கற்ற தனி நிறுவனம் அமைந்தது.

இத்தகைய திறந்த நிர்வாகத்தில் முன்னே நடந்தது, 1999இல் அமெரிக்காவில் உருவான அப்பாச்சி நிறுவனம். அங்கே கருமங்கள் எழுத்தில், எல்லோரும் காணப் பேசப்படுகின்றன. இருவர் தொலைபேசியில் பேசி முடித்தது முடிவாகாது. வாக்குரிமையுள்ள ஒருவர் தனித்து நின்றே மென்பொருள் மாற்றமொன்றைத் தடுக்கலாம். ஆனால் தொழில்நுட்பக் காரணத்தை எழுதவேண்டும். காரணமற்ற மறுப்புச் செல்லாது. பணம் வழங்கும் கம்பனிக்கு அதற்காக வாக்கும் இல்லை. 'டெபியன்' குழுவோ 1998இல் எழுதிய யாப்பின்படி தலைவரை ஆண்டுதோறும் தெரிவுசெய்கிறது. அவருடைய தீர்மானத்தையும் அங்கத்தவர் வாக்களித்து மாற்றலாம்.

எமது சங்கங்கள் பலவற்றில் கூட்ட அறிக்கைப் புத்தகம் செயலாளர் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. (அதை ஒழுங்காகப் படிப்பது கறையான்தான்.) விதைநெல் பெறுவோர் பட்டியல் அடுத்த முறை வாசிக்கப்படும்போது, நீக்கப்பட்ட பெயர்களையும் ஒவ்வொன்றுக்கும் எழுதிய காரணத்தையும் சேர்த்து வாசிக்கும்படி கேளுங்கள்.