ஒரு பட்டம், பல பல்கலைக்கழகங்கள்

"தம்பி, நாலு ஊரில் படித்தால் கடைசியில் எந்த ஊர்க்காரன் சான்றிதழ் கொடுப்பான்?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். அவர் மகள் செர்டாங்கில் விவசாயப் பட்டம் முடித்தவள். கிராமப்புற மேம்பாட்டில் முதுநிலைப் படிப்புக்கு மனுச் செய்ய வேண்டும் என்று விவரங்களை எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு வந்திருந்தாள். அண்ணனின் சந்தேகம் மற்ற பெற்றோருக்கும் வரக்கூடும் என்பதால், நான் அறிந்ததை இம்மலரில் எழுதுகிறேன்.

அவள் விரும்பிய படிப்பு 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்க, பெர்லின், ரென், பீசா, நித்ரா முதலிய ஊர்களின் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்துகின்றன. பொருளியல் ஓரிடத்தில் வலுவாக இருக்கும், வேறோரிடத்தில் சமூகவியல். எல்லாத் துறையிலும் சிறந்த ஆசிரியர்களை ஒரே பல்கலைக்கழகம் வைத்திருப்பது அரிது. அதனால்தான் இந்தக் கூட்டு.

அண்ணனின் கேள்விக்குப் பதில் கிரெடிட் கணக்கில் இருக்கிறது. ஐரோப்பாவில் முழுநேரப் படிப்புக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் வீட்டுப் படிப்புமாக 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எல்லாரும் ஒரே அளவுகோலை வைத்திருப்பதால் ஓரிடத்தில் சேர்த்ததை மற்ற இடம் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாண்டில் 120 சேர்ந்ததும் கூட்டுப் பட்டம் வழங்கப்படுகிறது.

என்னைக் கவர்ந்தது சுலோவாக்கியாவின் நித்ராவில் சுமார் ஒரு மாதம் நடக்கும் களப்பயிற்சி. அங்கே 1989இல் பொதுவுடைமை ஆட்சி முடிந்தபின், நிலவுரிமை பழைய உரிமையாளர்களுக்கும் வாரிசுகளுக்கும் திரும்பியது. ஆனால் நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்ததால், பலர் அதைக் கூட்டுறவுப் பண்ணைகளுக்கும் நிறுவனங்களுக்கும் குத்தகைக்கு விட்டார்கள். பத்திரம் ஒருவர் கையில், பயிர் வேறொருவர் கையில்! இந்தச் சிக்கலை நூலகத்தில் உட்கார்ந்து எவ்வளவு புரிந்துகொள்ள முடியும்? கிராமத்துக்குப் போய், அங்குள்ளவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.

தோட்டத்தில் பிறந்த நமக்கு இது அந்நிய விஷயமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே நிலம் வாங்கட்டும் என்று துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தவர்களில் எங்கள் அம்மாவும் ஒருவர். அந்த அனுபவத்தை ஆராய நம் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

பண விஷயத்தில் அவசரம் கூடாது. இடம் கிடைப்பது வேறு, உதவித்தொகை கிடைப்பது வேறு. எராஸ்முஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. கல்விக் கட்டணமும் இல்லை. அது இல்லாமல் இடம் மட்டும் கிடைத்தால் கட்டணம், சாப்பாடு, வாடகை எல்லாம் நம் தலையில்தான். அண்ணன் சேமநிதியை எடுத்துவிடலாம் என்றார். மனு செய்யட்டும், முடிவு வரும்வரை அதைத் தொடாதீர்கள் என்று தடுத்துவிட்டேன். அண்ணிக்கு அதில் நிம்மதி. மகளுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

மனுவோடு, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கடிதமும் எழுத வேண்டுமாம். அதற்காகப் பாட்டியின் பங்குப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அண்ணன் பழைய இரும்புப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறார்.