டயரில் வெட்டு... ஒட்டலாமா, மாற்றணுமா?

தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அதிகாலையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கிளம்பும் வேன், பாதி வழியில் பஞ்சராகி நின்றால் அன்றைய ஏலம் போச்சு. அந்த அவசரத்தில், கிழிந்த டயரை எப்படியாவது ஒட்டிக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு. சின்ன ஆணி ஏறியதற்கே பயந்து, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது டயர் வாங்குபவர்களும் உண்டு. இரண்டாவது, பணத்துக்கு நட்டம். முதலாவது, உயிருக்கே ஆபத்து.

ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அது டயரில் எந்த இடத்தில் இருக்கிறது, டயரின் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எந்த இடத்தில் குத்தியிருக்கிறது?

கார், சிறிய சரக்கு வேன்களில் இப்போது பெரும்பாலும் ட்யூப்லெஸ் ரேடியல் டயர்கள்தான். சாலையில் பதியும் பகுதிக்கு அடியில் இரும்புக் கம்பி இழைகளாலான பட்டைகள் இருக்கும். அந்த இடத்தில் ஆணியோ சீமைக்கருவேல முள்ளோ குத்தி, ஓட்டை 6 மி.மீ-க்குள் இருந்தால் தாராளமாக ஒட்டலாம்.

பக்கச்சுவர் அப்படியல்ல. டயர் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி விரிகிறது. அங்கே போடும் ஒட்டு நிற்காது. பக்கச்சுவரிலோ, அதையொட்டிய தோள் பகுதியிலோ குத்தியிருந்தால், ஓட்டை சின்னதாக இருந்தாலும் டயரை மாற்றுவதே சரி.

திரி மட்டும் போதுமா?

டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகி ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. சந்தைக்குப் போய்ச் சேர அது உதவும். ஆனால், அதுவே முடிவான வைத்தியம் அல்ல. பிறகு டயரைக் கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்து, ஓட்டையை அடைத்து மேலே படியும் காளான் வடிவ பேட்ச் போட வேண்டும்.

காற்று இறங்கிய டயரோடு கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால், உள்பக்கத்தைப் பார்ப்பது கட்டாயம். உள்ளே ரப்பர் தூள் கொட்டிக் கிடந்தாலோ, பக்கச்சுவரைச் சுற்றி வளையம்போலத் தேய்ந்திருந்தாலோ, அந்த டயர் உள்ளுக்குள் செத்துவிட்டது. வெளியே புதுசாகத் தெரிந்தாலும் அதை ஓட்டக் கூடாது.

மாற்றியே ஆக வேண்டியவை

* பள்ளத்தில் இறங்கி அடிபட்ட பிறகு, பக்கச்சுவரில் கட்டிபோல வீக்கம். உள்ளே இழை அறுந்ததன் அடையாளம் இது. ட்யூப் போட்டு ஓட்டினாலும் அறுந்த இழை சேராது. பாரம் ஏற்றி, வெயிலில் வேகமாகப் போகும்போது வெடிக்கும்.
* வெட்டு வழியாக நூலோ கம்பியோ வெளியே தெரிவது.
* பள்ளங்களுக்கு நடுவே உள்ள 1.6 மி.மீ உயர ரப்பர் மேட்டுக்குச் சமமாக டயர் தேய்ந்திருப்பது. மழையில் பிரேக் பிடிக்காது.
* வெயிலில் நின்று, வெடிப்பு விட்ட பழைய டயர். பக்கச்சுவரில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம்.

புது டயர் வாங்கும்போது, அளவோடு பாரம் தாங்கும் குறியீட்டு எண்ணையும் பார்க்க வேண்டும். அளவு பொருந்துகிறதே என்று சரக்கு வேனுக்கு கார் டயர் போடுவது ஆபத்து.

டிராக்டருக்குத் தனிக் கணக்கு

டிராக்டரின் பின் டயர், பல அடுக்கு நூலிழைகளும் ட்யூபும் கொண்டது. வேகமும் குறைவு. அதனால், பருத்திக் கட்டை, துவரைக் கட்டை கிழித்த வெட்டு ரப்பரோடு நின்றிருந்தால், பக்கச்சுவராக இருந்தாலும் சூட்டு ஒட்டுப் போட்டு ஓட்டலாம். வெட்டு இழைகளுக்குள் இறங்கியிருந்தால், எத்தனை அடுக்கு அறுந்திருக்கிறது என்பதை அனுபவமுள்ள ஒட்டுக்கடையில் கழற்றிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். ட்யூப் பிதுங்கும் அளவுக்குக் கிழிந்த டயரோடு, பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு சாலைக்கு வருவது கூடாது.

எடைக்காக டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால், அதை முதலில் வடித்துவிட வேண்டும். ரிம்மில் விரிசல் இருக்கிறதென்று, டயரைக் கழற்றாமல் வெல்டிங் வைக்கவே கூடாது. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, டயர் வெடித்து உயிர்ப்பலி வாங்கிவிடும்.

அறுவடை தொடங்குவதற்கு முன்பே ஒருநாள், ஸ்டெப்னி உட்பட எல்லா டயர்களையும் இப்படிப் பார்த்துவிடுவது நல்லது. காற்றையும், வண்டி ஓடுவதற்கு முன்பு டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஒட்டுவதா, மாற்றுவதா என்பதை வீட்டு வாசலில் வைத்து நிதானமாக முடிவெடுக்கலாம். தக்காளியோடு நடுரோட்டில் நிற்கும்போது அதற்கு நேரமிருக்காது.