ஆறாத புண்ணும் ஒரு மாவுக்கட்டும்

சித்தப்பாவுக்கு வலது கால் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கால் மேட்டில் ஒரு புண். 5 ரூபாய் நாணயம் அளவு. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். பாதி நேரம் கேட்டில் நிற்பது, மீதி நேரம் ரவுண்ட்ஸ். செம்பரம்பாக்கத்திலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் போய் வருவார். 4 மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங், 3 தடவை ஆன்டிபயாடிக் மாற்றியாச்சு. புண் அப்படியே இருந்தது. "சுகர் புண்ணு ஆறாதுடா, தெரிஞ்சதுதானே" என்பார். விரலை எடுத்துவிடலாம் என்று ஒரு டாக்டர் சொன்ன அன்று ராத்திரிதான் நான் படிக்க உட்கார்ந்தேன். நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர் எழுதுகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சாதாரணப் புண் எப்படி ஆறுகிறது? முதலில் ரத்தம் உறைகிறது. அப்புறம் வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் துடைக்கின்றன. சிவப்பும் வீக்கமும் இந்தக் கட்டத்தில்தான். பிறகு புதுத் திசு வளர்ந்து, மேலே தோல் மூடி, மாதக்கணக்கில் தழும்பு இறுகுகிறது. ஆறாத புண் பெரும்பாலும் அந்தத் துடைக்கிற கட்டத்திலேயே மாட்டிக்கொண்டது. எங்கள் பாஷையில் சொன்னால், லூப்பிலிருந்து வெளியே வர வேண்டிய கண்டிஷன் நிறைவேறவே இல்லை. ஏன் நிறைவேறவில்லை என்று தேடாமல் மேலே என்ன மருந்து தடவினாலும் பெரிய பலன் இருக்காது. நல்ல சிகிச்சை கொடுத்தும் 4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், 12 வாரத்தில் அது ஆறும் வாய்ப்பு குறைவு. அப்போதே வைத்தியத்தை மறுபடி யோசிக்க வேண்டும். நாங்கள் 4 மாதம் சும்மா இருந்தோம்.

சித்தப்பா விஷயத்தில் காரணம் அவர் வாயிலேயே இருந்தது. "வலியே இல்லடா, அப்புறம் எதுக்கு ரெஸ்ட்டு?" சர்க்கரை நோய் கால் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை எடுத்துவிட்டது. நமக்குக் காலில் புண் வந்தால் தானாக நொண்டுவோம், அந்த இடத்தில் ஊன்ற மாட்டோம். அவர் ஒவ்வொரு அடியிலும் புண் மேலேயே ஊன்றி நடந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டிய டிரெஸ்ஸிங்கை ஆயிரக்கணக்கான அடிகள் தோற்கடித்துக்கொண்டிருந்தன.

இதைக் கண்டுபிடித்த கதை நம் பக்கத்து ஊர்க் கதை. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாகப் போனால் செங்கல்பட்டு. அங்கே திருமணி தொழுநோய் மருத்துவமனைக்கு 1940களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற சர்ஜனை டாக்டர் காக்ரேன் அழைத்துப் போனார். பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர். தொழுநோயாளிகளின் சதையே அழுகுகிற சதை, வெட்டித் தைத்தால் ஆறாது என்று அப்போது நம்பினார்கள். பிராண்ட் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. தன்னால் திறக்க முடியாத ஒரு பூட்டை ஒரு சின்னப் பையன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. சதையில் கோளாறு இல்லை, வலி தெரியாததுதான் கோளாறு. அடிபடாமல் காத்தால் அந்தப் புண்களும் மற்றவர்களுடையதைப் போலவே ஆறும் என்று அவரும் கூட்டாளிகளும் பின்னால் காட்டினார்கள்.

எப்படிக் காப்பது? மாவுக்கட்டு! 1930களிலேயே இந்தியாவில் ஜோசப் கானும் இலங்கையில் மில்ராய் பாலும் தொழுநோய்ப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு, நோயாளியை நடக்கவும் விட்டிருக்கிறார்கள். பிராண்ட் அதை எடுத்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே, காலோடு ஒட்டினாற்போல் போடும் கட்டு இது. பாரம் உள்ளங்கால் முழுக்கப் பரவி, ஒரு பங்கு கெண்டைக்கால் வழியாக இறங்கிவிடும். கணுக்கால் மடங்காததால் முன்பாதத்தை உந்தி நடக்கவும் முடியாது. வீக்கம் வடிந்தால் கட்டு லூஸாகும் என்பதால் முதல் கட்டைச் சில நாளிலேயே மாற்றுவார்கள், பிறகு வாரம் ஒன்று. 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் வேலூரிலும் பழகிய இந்த அறிவை, 1966இல் அமெரிக்காவில் கார்வில்லுக்குப் போனபோது பிராண்ட் கூடவே கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கு வந்தது. நம் செருப்புக் கடைகளில் கிடைக்கும் எம்.சி.ஆர். செருப்பும் இந்தப் பரம்பரைதான்.

கழற்றி மாட்டுகிற பூட்ஸ் போதாதா என்று எனக்கும் தோன்றியது. 2001இல் அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. 12 வாரத்தில் மாவுக்கட்டில் 89.5 சதவீதம் பேருக்கு ஆறியது. கழற்றும் பூட்ஸில் 65, அரைச் செருப்பில் 58.3. பூட்ஸும் பாரத்தை நன்றாகவே குறைக்கும், பின் ஏன் இந்த வித்தியாசம்? 2003இல் அதே குழு, இடுப்பில் ஒன்றும் பூட்ஸுக்குள் தெரியாமல் ஒன்றுமாக அடி எண்ணும் கருவி வைத்துப் பார்த்தது. நடந்த அடிகளில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு! பிறகு அந்த பூட்ஸையே கழற்ற முடியாதபடி சுற்றிக் கட்டினார்கள். மாவுக்கட்டுக்குச் சமமாக ஆறியது. வலி செய்ய வேண்டிய காவல் வேலையைக் கட்டு செய்கிறது. சித்தப்பாவைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஆனால் இதை யாரும் வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. காலுக்கு ரத்தம் சரியாகப் போகாவிட்டால், அல்லது உள்ளே எலும்பு வரை கிருமி ஏறியிருந்தால், கட்டு போட்டு மூடுவது ஆபத்து. அதனால் முதலில் ரத்த ஓட்டம் பார்ப்பார்கள். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் சுண்ணாம்பு போல் கெட்டிப்பட்டு, காலில் எடுக்கும் பிரஷர் பொய்யாக அதிகம் காட்டும். பெருவிரலிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. அப்புறம் செத்த திசுவையும் புண்ணைச் சுற்றிய காய்ப்பையும் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். வேக்யூம் டிரெஸ்ஸிங், ஆக்ஸிஜன் அறை எல்லாம் சில புண்களுக்கு உதவும். பாரத்தை எடுக்காமல் அவற்றுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

சித்தப்பாவுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பில் ஒன்றும் இல்லை. கட்டு என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வேலைக்கு எப்படிப் போறது?" லீவு போட்டால் சம்பளம் இல்லை. கடைசியில் சூப்பர்வைசர் கேட்டில் ஒரு நாற்காலி போட ஒத்துக்கொண்டார், ரவுண்ட்ஸை இன்னொருவர் பார்க்கிறார். டிவிஎஸ்ஸை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன், காலையில் நானே கொண்டுபோய் விடுகிறேன். போன சனிக்கிழமை நாலாவது கட்டு மாற்றினார்கள். நர்ஸ் பிளாஸ்டிக் தாளைப் புண் மேல் வைத்து ஓரத்தை வரைந்தார். முதல் வாரத் தாளோடு வைத்துப் பார்த்தேன். பாதிக்கும் கீழே வந்திருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய இடது பாதத்தைக் கையால் தடவிப் பார்க்கிறேன். அங்கேயும் அதே இடத்தில் ஒரு காய்ப்பு இருக்கிறது.