பழைய கார் வாங்கிட்டீங்களா? ரீகால் பாக்கி இருக்கான்னு முதல்ல பாருங்க!



ஜீயபுரத்துல வீடு, திருச்சி டவுன்ல வேலை. கரூர் ரோட்டுல தினமும் போய்வர ஒரு 2013 மாடல் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறீங்கன்னு வெச்சுக்கலாம். டயர், கிலோமீட்டர், இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்ப்பீங்க. ஆனா அந்தக் காருக்கு ரீகால் பாக்கி இருக்கான்னு பார்ப்பீங்களா?

தயாரிப்பிலேயே பாதுகாப்புக் குறை இருக்குன்னு தெரிஞ்சா, கம்பெனியே காரைத் திரும்ப அழைச்சு சரிசெய்து கொடுக்கிறதுதான் ரீகால். பார்ட்ஸுக்கும் லேபருக்கும் நீங்க காசு கொடுக்க வேண்டியதில்லை.

சும்மா விட்டா என்ன ஆகும்?

டகாடாங்கிற ஜப்பான் கம்பெனியோட ஏர்பேக்தான் இதுக்குப் பெரிய உதாரணம். ஏர்பேக்கை விரியவைக்கிற இன்ஃப்ளேட்டர்ல அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. பல வருஷம் வெயிலும் ஈரப்பதமும் பட்டா அது கெட்டுப்போகும். அப்புறம் விபத்துல ஏர்பேக் விரியும்போது, இன்ஃப்ளேட்டரே வெடிச்சு உலோகத் துண்டுகள் ஓட்டுறவர் மேல பாயும். 2014-ல் மலேசியாவில் 2003 மாடல் ஹோண்டா சிட்டி ஓட்டிய ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் உயிரிழந்தார்.

கவனிங்க, இது கார் பழசாக ஆக அதிகமாகிற ஆபத்து. நம்ம ஊர் வெயிலைப் பத்தித் தனியா சொல்லணுமா?

இந்தியாவிலும் ஹோண்டா பல தடவை ரீகால் அறிவிச்சது. 2018 ஜனவரியில் மட்டும் 22,834 கார்கள். அதுல 22,084 கார்கள் 2013-ல் தயாரான சிட்டி. புது கார்களும் தப்பல. 2020 ஜூலையில் ஃப்யூயல் பம்ப் பிரச்சினைக்காக மாருதி சுஸூகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைச்சது.

சட்டம் என்ன சொல்லுது?

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, குறை இருந்தா ரீகால் செய்யச் சொல்லி கம்பெனிக்கு மத்திய அரசு உத்தரவு போடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. ஆனா இந்தக் கட்டாய ரீகால் 7 வருஷத்துக்கு உட்பட்ட வாகனங்களுக்குத்தான். அதைவிடப் பழைய கார்னா, கம்பெனி தானா முன்வந்து அறிவிச்ச ரீகால்தான் நமக்குக் கைகொடுக்கும்.

இன்னொரு சிக்கல்: கம்பெனி அனுப்புற தகவல், அவங்க பதிவுல இருக்கிற நம்பருக்குத்தான் போகும். அது முதல் ஓனரோட நம்பரா இருக்கலாம். ஆர்.சி. உங்க பேருக்கு மாறினாலும் கம்பெனி ரெக்கார்டு தானா மாறிடாது.

நீங்க செய்ய வேண்டியது

1. ஆர்.சி-யில் இருக்கிற 17 இலக்க சேஸி நம்பரை எடுங்க. கம்பெனியோட வெப்சைட்ல ரீகால் பகுதியில் போட்டுப் பாருங்க. அங்க கிடைக்கலன்னா கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுங்க. வாங்கப் போற காருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே இதைச் செய்யுங்க.

2. பாக்கி இருந்தா, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்ல அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. வெளி மெக்கானிக்கிட்ட ஏர்பேக்கைத் தொட விடாதீங்க.

3. ஜாப் கார்டுல "ரீகால் வேலை மட்டும்"னு எழுதச் சொல்லுங்க. கோட்டிங், அலைன்மென்ட்னு வேற வேலை சொன்னா, தேவையான்னு யோசிச்சு தனியா முடிவு பண்ணுங்க. இலவச வேலைக்குப் போயிட்டு 6,000 ரூபாய் பில்லோட வரக்கூடாது!

4. பார்ட்ஸ் ஸ்டாக் இல்லைன்னா, எப்போ வரும்னு மெயில்ல பதில் வாங்குங்க. அதுவரைக்கும் காரை ஓட்டலாமான்னும் கேளுங்க.

5. உங்க பேர், போன் நம்பரை கம்பெனி ரெக்கார்டுல ஏத்தச் சொல்லுங்க. அடுத்த ரீகால் தகவல் உங்களுக்கே வரும்.

6. வேலை முடிஞ்சதுக்கான பேப்பரை ஆர்.சி. காப்பியோட வைங்க. நாளைக்கு காரை விற்கும்போது உதவும்.

இலவசமா செய்ய மறுத்தாலோ இழுத்தடிச்சாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க.

இஎம்ஐ, பெட்ரோல், இன்ஷூரன்ஸ்னு காருக்கு நாம கணக்கில்லாம கொடுக்கிறோம். கம்பெனி நமக்குத் தர வேண்டியதை ஏன் விடணும்? செக் பண்ண அஞ்சு நிமிஷம்தான். இன்னைக்கே ஆர்.சி-யை எடுங்க, பழைய கார் வெச்சிருக்கிற உங்க ஆபீஸ் நண்பருக்கும் இதை அனுப்புங்க.