தொட்டிலுக்கு வந்த மேடைப் பெயர்கள்

குழந்தைக்குப் பெயர் வைப்பது இலேசான காரியம் என்று நினைப்பவர்கள், அந்தக் காரியத்தை ஒரு முறையும் செய்து பாராதவர்களாகத்தான் இருக்கவேண்டும். பாட்டனார் பெயர் ஒரு பக்கம், குலதெய்வத்தின் பெயர் ஒரு பக்கம், நட்சத்திரத்துக்குரிய எழுத்து மற்றொரு பக்கம் என்று மூன்று கட்சிகள் வீட்டில் ஏற்கெனவே உண்டு. சென்ற நூற்றாண்டில் நாலாவது கட்சி ஒன்று கிளம்பிற்று. சங்கீத நாடக மேடையும் பேசும் படமும் அதற்குத் தலைமை வகித்தன. அந்தக் கட்சி எப்படி ஜயித்தது, அதன் பேச்சை எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பவற்றை இங்கே சிறிது விசாரிப்போம்.

முதலில், இது நம் நாட்டில் மட்டும் உள்ள பைத்தியம் அல்ல என்பதைச் சொல்லிவிடவேண்டும். அமெரிக்காவில் 1934-ஆம் வருஷத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி படங்களில் ஆடியும் பாடியும் ஜனங்களைக் கிறங்க அடித்தாள். அவள்தான் ஷர்லி டெம்பிள். அடுத்த வருஷமே அந்நாட்டில் பிறந்த பெண் குழந்தைகளில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஷர்லி என்று பெயர் இட்டார்கள். மேரி என்ற பெயர் ஒன்றுதான் அதை முந்தி நின்றது. இத்தனைக்கும் ஷர்லி என்பது முன்காலத்தில் ஆண்பிள்ளைப் பெயர்! 1849-இல் ஷார்லட் பிராண்டி அம்மையார் எழுதிய நாவலில், மகன் பிறப்பான் என்று காத்திருந்த பெற்றோர், பிறந்த மகளுக்கே அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். நாவல் அதைப் பெண்பால் ஆக்கிற்று. படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

தமிழ் நாட்டிலும் அதே காலத்தில் அதே அதிசயம் நிகழ்ந்தது. டைரக்டர் கே. சுப்பிரமணியம் 1937-இல் "பாலயோகினி" என்ற படத்தை வெளியிட்டார். விதவைகளின் துன்பத்தையும் சாதிக் கொடுமையையும் துணிந்து எடுத்துக் காட்டிய படம் அது. அதில் நடித்த பேபி சரோஜா அவருடைய சகோதரரின் மகள். அந்தக் குழந்தையை "இந்தியாவின் ஷர்லி டெம்பிள்" என்றே ஜனங்கள் கொண்டாடினார்கள். பிறகு 1939-இல் "தியாக பூமி" வந்தது. படத்தில் அவள் பெயர் சாரு. ஆனால் தாய்மார்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது கதையில் வந்த சாருவை அல்ல, நடித்த சரோஜாவை. அந்த நாட்களில் பிறந்த எத்தனையோ பெண்களுக்குச் சரோஜா என்று பெயர் வாய்த்தது அவளால்தான். சரோஜம் என்றால் பொய்கையில் பிறந்த தாமரை. படத்தை ஒருவரும் பார்க்காத காலம் வந்தாலும் தாமரை வாடிப்போவதில்லை. அதனால்தான் அந்தப் பெயர் படத்தைக் காட்டிலும் நீண்ட ஆயுளைப் பெற்றது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால், பாட்டியின் பெயரையே பேத்திக்கு வைத்துவந்த வீடுகளில் சினிமாப் பெயருக்கு எப்படி இடம் கிடைத்தது? இடம் கொடுத்தவர் பாட்டியேதான்! மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது பல குடும்பங்களில் கண்டிப்பான சம்பிரதாயம். மீனாட்சி என்று மாமியாருக்குப் பெயர் இருந்தால், மடியில் கிடக்கும் மீனாட்சியை அந்தத் தாய் எப்படிக் கூப்பிடுவாள்? அதற்காகக் கூப்பிடும் பெயர் என்று இன்னொன்று தேவைப்பட்டது. காதில் மூன்று முறை ஓதிய பெயர் பாட்டியுடையது. கூடத்தில் கூவிய பெயர் தாயின் இஷ்டம். மேடையும் திரையும் நுழைந்தது இந்தப் புழக்கடைக் கதவின் வழியாகத்தான் என்பது நம் அபிப்பிராயம். முதலில் வீட்டுப் பெயராக வந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் தினத்தில் வாத்தியாரின் பதிவேட்டில் ஏறிக்கொண்டது.

இப்போது அந்தக் கதவு அநேகமாக மூடப்பட்டுவிட்டது. 2023-ஆம் வருஷத்தில் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும், ஓட்டர் ஜாபிதாவில் இடம் பெறவும், சர்க்கார் உத்தியோகத்துக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அத்தாட்சி. ஆகவே, அதில் எழுதும் பெயர் சாமானியத்தில் மாறாது. சினிமாப் பெயர் வைத்தால் அது கொஞ்சும் பெயராகக் கூடத்தோடு நிற்காது. பேரன் பேத்தி எடுக்கும் வரையில் கூடவே வரும். இதைத்தான் பெற்றோர் யோசிக்கவேண்டும்.

நிற்க. மேடைப் பெயர்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய நாடகங்களில் வரும் பெயர்களைப் பாருங்கள்: வள்ளி, அல்லி, பவளக்கொடி, சுலோசனா. பாடுவதற்கென்றே பிறந்த பெயர்கள் இவை. மேடையில் நடிகர் ஒரு பெயரை இராகத்தில் இழுத்து அழைக்கும்போதே அது வாய்க்கு இசைந்ததா, இல்லையா என்பது சபையோருக்குத் தெரிந்துவிடும். பெயருக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. "பவளக்கொடி" 1934-இல் படமாக வந்தபோது அதில் சுமார் ஐம்பது பாட்டுக்கள்! எம். கே. தியாகராஜ பாகவதருக்கு அதுவே முதற் படம்.

ஆயினும் ஓசை இனிமை மட்டும் போதாது. நல்லதங்காள் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தங்கை என்று பொருள். எவ்வளவு அழகான சொல்! ஆனால் பசியால் தவித்து, ஏழு குழந்தைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் மாண்டவளின் பெயர் அது. அதைத் தன் மகளுக்கு வைக்கத் துணியும் தாய் அரிது. கதை பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும்.

சில பெயர்களில் இதே குணம் பெரும் பாக்கியம் ஆகிறது. 1940-இல் எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் பாடி நடித்த "சகுந்தலை" வெளிவந்தது. கணவன் மறந்துபோன பெண்ணின் பெயர் வேண்டாமே என்று சொல்லும் பாட்டிமார்கள் உண்டு; அவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காட்டில் கிடந்த சிசுவைப் பறவைகள் காத்து நின்றதால் கண்வர் அந்தப் பெயரை வைத்தார் என்பதையும், மகாபாரதத்துச் சகுந்தலை அரச சபையில் அழுதுகொண்டு நிற்காமல் துஷ்யந்தனை நேருக்கு நேர் கேள்வி கேட்டாள் என்பதையும், பாரத நாடு என்ற பெயருக்குக் காரணமானவன் அவள் மகன் பரதன் என்று நம் முன்னோர் சொல்லியிருப்பதையும் பத்து வயதுப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். "எனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தீர்கள்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்குமா? ஆண் பெயர்களில் ஹரிதாஸ் கொஞ்சம் சங்கடமானது. 1944-இல் வெளியாகிச் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்ட அந்தப் படத்தின் முற்பாதியில் கதாநாயகன் பெற்றோரை உதாசீனம் செய்கிறான், பிற்பாதியில் திருந்துகிறான். தகப்பனார் பிற்பாதியை நம்பித்தான் பெயர் வைக்கவேண்டும்!

வேஷத்தின் பெயர் நடித்தவரையே பிடித்துக்கொண்டதும் உண்டு. அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த கணேசனுக்குப் பெரியார் சிவாஜி என்று பட்டம் சூட்டினார். தாய் தந்தையர் வைத்த பெயருக்கு முன்னால் அது நிரந்தரமாக நின்றுவிட்டது. கே. பாலசந்தர் தம் "மேஜர் சந்திரகாந்த்" கதையில் ஒரு பாத்திரத்துக்கு இட்டிருந்த ரஜினிகாந்த் என்ற பெயரை 1975-இல் ஒரு புது நடிகருக்கு வழங்கினார். அந்த நடிகருக்குப் பெற்றோர் வைத்திருந்த பெயரோ சிவாஜி ராவ்! ஒரு சிவாஜி ஏற்கெனவே திரையில் இருந்ததால் மற்றொரு பெயர் தேட நேர்ந்தது.

மேடையால் உலகமெங்கும் பரவிய பெயர்களில் நம் மனத்தை மிகவும் உருக்குவது வெண்டி. 1904-ஆம் வருஷம் டிசம்பரில் லண்டனில் ஜே. எம். பாரியின் "பீட்டர் பான்" நாடகம் அரங்கேறிற்று. அதில் வரும் சிறுமிதான் வெண்டி. பாரியின் நண்பரான ஹென்லி என்ற கவிஞருக்கு மார்கரெட் என்று ஒரு சிறு பெண் இருந்தாள். பாரியைத் தன் சிநேகிதர் என்று ஆங்கிலத்தில் சொல்ல அவள் முயன்றபோது, "ர" வராத மழலை நாக்கில் அது "வெண்டி" போல ஒலித்ததாம். ஐந்து வயதிலேயே, 1894-இல், அவள் காலமானாள். பத்து வருஷம் கழித்துப் பாரி அந்த மழலைச் சொல்லை மேடை ஏற்றினார். 1953-இல் அது டிஸ்னியின் படத்திலும், 1954-இல் நியூயார்க் நகரத்துச் சங்கீத நாடகத்திலும் ஒலித்தது. அதற்கு முன் அபூர்வமாக இருந்த அந்தப் பெயரோடு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல்லாயிரம் பெண்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் அந்தச் சிறுமியைப் பற்றிக் கேள்விப்பட்டேயிருக்க மாட்டார்கள்.

பெயரைத் தீர்மானிக்க அவசரப்பட வேண்டியதில்லை என்பதையும் நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். பிறப்பைப் பதிவு செய்தபின் பன்னிரண்டு மாதங்கள் வரையில் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். நேற்றுப் பார்த்த படத்தின் பாட்டு காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பதிவு அலுவலகத்துக்கு ஓடவேண்டாம். சில மாதங்கள் அந்தப் பெயரால் குழந்தையைக் கூப்பிட்டுப் பாருங்கள். கோபத்திலும் கூப்பிட்டுப் பாருங்கள். பாட்டியையும் ஒரு முறை கூப்பிடச் சொல்லுங்கள்.