ஏறிய கணக்கு, இறங்கிய கணக்கு

சான் ஃபிரான்சிஸ்கோ நகரை விட்டு வடக்கே கோல்டன் கேட் பாலத்தைக் கடந்தால் டாமல்பயஸ் மலை தெரியும். உயரம் சுமார் 780 மீட்டர். மலைகளின் வரிசையில் வைத்தால் சிறியதுதான். ஆனால் நண்பர்கள் நாலு பேர் கூடி, யார் முந்துகிறார் பார்க்கலாம் என்று ஆரம்பித்த மூன்று பந்தயங்கள் இந்த மலையிலும் இதன் அக்கம்பக்கத்திலும்தான் பிறந்தன.

முதலாவது 1904ல். ஒலிம்பிக் கிளப் என்ற விளையாட்டுக் கழகத்தைச் சேர்ந்த சிலர், மலைக்கு இந்தப் பக்கம் உள்ள மில் வேலி ஊரிலிருந்து அந்தப் பக்கக் கடற்கரையில் இருந்த டிப்சி விடுதிக்கு யார் முதலில் ஓடிச் சேர்வது என்று பந்தயம் கட்டினார்கள். சார்லஸ் போவாஸ், அல்ஃபோன்ஸ் கோனி இருவரும் ஓட, போவாஸ் ஜெயித்தார். மறு ஆண்டே அது ஊர்ப் போட்டியாகி, டிப்சி ஓட்டம் என்ற பெயரில் இன்றுவரை நடக்கிறது. இரண்டாவது, 1976ல் பக்கத்து மலைச்சரிவில் பழைய சைக்கிள்களை உருட்டிவிட்ட ஒரு கூட்டத்தின் பந்தயம். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். மூன்றாவது 1981ல். ஜோ ஓக்ஸ் என்பவர் தம் டால்ஃபின் கிளப் நீச்சல் நண்பர்களைக் கூட்டி, அல்கட்ராஸ் சிறைத் தீவிலிருந்து கரைக்கு நீந்தி, சைக்கிளில் பாலத்தைக் கடந்து மில் வேலி சேர்ந்து, அங்கிருந்து டிப்சி பாதையில் மலையைத் தாண்டிக் கடலோரம் போய், வந்த வழியே திரும்பி ஓடும் போட்டி ஒன்றை நடத்தினார்.

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ஓட்டம் தொடங்குவதும் மில் வேலியில், முடிவதும் மில் வேலியில். எத்தனை மீட்டர் ஏறினார்களோ அத்தனை மீட்டர் இறங்கியிருக்கிறார்கள். பள்ளி இயற்பியல்படி, ஏறும்போது உடலில் சேர்ந்த நிலையாற்றல் முழுவதையும் இறங்கும்போது மலை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அப்படியானால் இருபது கிலோமீட்டருக்கு மேல் போகும் இந்த ஓட்டம், அதே தூரச் சமதள ஓட்டத்தைப் போலவே இருக்க வேண்டும். ஓடியவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். திருப்பிக் கொடுத்த ஆற்றல் எங்கே போயிற்று?

அதற்கு முன் நீச்சலை இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். அந்த விரிகுடாத் தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் உடல் சூட்டைக் கடத்தும். குதித்ததும் மூச்சு தானாகத் திணறி வாங்கும். முதல் ஓரிரு நிமிடம் பதறாமல் இருந்தால் அது அடங்கிவிடும். பெரிய சிக்கல் நீரோட்டம்தான். அலை ஏறி இறங்கும்போது விரிகுடாவின் தண்ணீரெல்லாம் கோல்டன் கேட் இடுக்கு வழியாகவே போய்வர வேண்டும் என்பதால், கரையை நேராகக் குறிவைத்து நீந்துபவர் வேறெங்கோ போய்ச் சேருவார். இந்தத் தீவிலிருந்து யாரும் நீந்தித் தப்ப முடியாது என்ற பேச்சை நம்புவதற்கில்லை. அங்கே கூட்டாட்சிச் சிறை திறந்தது 1934ல். அதற்கு முந்தைய ஆண்டே, தீவில் வேலை பார்த்த ராணுவ வீரர் ஒருவரின் மகள் அனஸ்டேசியா ஸ்காட் நீந்திக் கரை சேர்ந்திருக்கிறார்.

இனி சைக்கிள். நண்பர்கள் கூடினால் எல்லோரும் ஒரே எடையில் இருப்பதில்லை. வேடிக்கையே அங்கேதான் தொடங்குகிறது. சைக்கிளோடு சேர்த்து ஒருவர் 80 கிலோ, இன்னொருவர் 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவர் காலும் தொடர்ந்து 230 வாட் திறன் கொடுக்கும். சமதளத்தில் இருவரும் மணிக்கு 35 கிலோமீட்டரை ஒட்டிப் பேசிக்கொண்டே போவார்கள். அங்கே எதிரி காற்று. மிதிக்கும் திறனில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் காற்றைக் கிழிக்கவே போகிறது. எடை அநேகமாகக் கணக்கில் வராது.

நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்று ஆறு கிலோமீட்டருக்கு வந்தால் கதை மாறும். இப்போது திறனில் பத்தில் ஒன்பது பங்கு புவியீர்ப்போடு மல்லுக்கட்டப் போகிறது. 80 கிலோக்காரரின் வேகம் 12 கிலோமீட்டருக்கு இறங்கும்; உச்சிக்கு 30 நிமிடம். 95 கிலோக்காரர் 10 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுவார். அவருக்கு 35 நிமிடம். ஐந்து நிமிடம் போயிற்று. பரவாயில்லை, இறக்கத்தில் கனமானவர்தானே வேகமாகப் போவார் என்று தோன்றும். போவார்தான். அதே சரிவில் மிதிக்காமல் உருண்டால் முன்னவர் சுமார் 60, பின்னவர் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவார்கள். ஆனால் ஆறு கிலோமீட்டரை அந்த வேகத்தில் கடக்க ஒருவருக்கு ஆறு நிமிடம், மற்றவருக்கு ஐந்தரை. ஏற்றத்தில் ஐந்து நிமிடத்தை இழந்தவருக்கு இறக்கத்தில் கிடைப்பது அரை நிமிடம்.

ஒல்லியானவரும் மகிழ்ந்துவிட வேண்டாம். 12ல் ஏறி 60ல் இறங்கியதால் சராசரி 36 என்று நினைத்தால், இல்லை. போக வர 12 கிலோமீட்டருக்கு 36 நிமிடம்; சராசரி 20தான். மெதுவான பகுதியில் நெடுநேரமும் வேகமான பகுதியில் கொஞ்ச நேரமும் இருக்கிறோம் என்பதால் சராசரி எப்போதும் மெதுவான பக்கமே சாயும். அதோடு, காற்றுத்தடை வேகத்தின் வர்க்கமாகவும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகவும் உயர்கிறது. மலை கொடுக்கும் ஆற்றலை வேகமாக மாற்ற முயன்றால் காற்று வழியில் நின்று அதைப் பிடுங்கிக்கொள்கிறது. அனுபவசாலிகள் ஏற்றத்தில் கொஞ்சம் கூடுதலாக மிதித்து இறக்கத்தில் காலை ஆற விடுவது இதனால்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் மிதிப்பது காற்றுக்குத் தீனி போடுவதாகும்.

வளைவுகள் நிறைந்த பாதையில் பிரேக்கும் பங்கு கேட்கும். அந்த 1976ஆம் ஆண்டுக் கூட்டத்துக்கு வருவோம். அக்டோபர் 21 அன்று, டாமல்பயஸுக்கு அருகில் ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப்பக்கம், ஒரு மண்பாதையில் முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள் அந்தக் கூட்டத்தின் ஆட்கள். இரண்டு மைலுக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். வண்டிகளோ பல பத்தாண்டு பழைய தடித்த டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரக் குடத்துக்குள் பிடிக்கும் பிரேக். ஆளும் வண்டியுமாக 90 கிலோ 400 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 350 கிலோஜூல். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் கணிசமான பகுதி, கைக்குள் அடங்கும் ஓர் உலோகக் குடத்துக்குள் சூடாக மாறியது. கிரீஸ் உருகி, எரிந்து, புகைந்து போகும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு குடத்தைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். பந்தயத்துக்கு ரீபேக், அதாவது மறுபடி அடைத்தல், என்ற பெயர் அப்படித்தான் வந்தது. மலைச் சைக்கிள் என்று இன்று கடையில் விற்பதன் முன்னோடிகளில் ஒன்று அந்தப் புகையும் குடம்.

ஓடுபவருக்குச் சக்கரம் இல்லை. அவர் உருள முடியாது. ஒவ்வொரு அடியிலும் விழுந்து, ஒவ்வொரு அடியிலும் தன்னைத் தானே நிறுத்தியாக வேண்டும். அவருடைய பிரேக் தொடையின் முன்தசை.

இத்தாலிய ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் சாய்வை மாற்றக்கூடிய ஓடுபொறியில் மலையோட்டக்காரர்களை ஓடவிட்டு, அவர்கள் இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். 2002ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சமதளத்தில் ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் கொண்டுபோக சுமார் 3.4 ஜூல் செலவு. நூற்றுக்கு இருபது ஏறும் சரிவில் அது 9 ஜூலை ஒட்டிப் போகிறது. அதே சரிவில் இறங்கும்போது 1.7 ஜூலுக்குக் குறைகிறது. ஓடுவதற்கு இதைவிட மலிவான சாய்வு கிடையாது. இன்னும் செங்குத்தாக இறங்கினால் செலவு மறுபடி ஏறத் தொடங்கும். 70 கிலோ ஆள் ஒருவர் சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடினால் 115 கலோரி அளவில் ஆகும். ஒரு கிலோமீட்டர் அப்படி ஏறி, ஒரு கிலோமீட்டர் அப்படி இறங்கினால் 180. மிகச் சிக்கனமான இறக்கத்தில்கூட, ஏற்றத்தில் கூடுதலாகக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை.

இறக்கம் ஏன் இவ்வளவு மலிவு என்பதற்கு 1952லேயே அழகான ஒரு விடை கிடைத்தது. அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று இங்கிலாந்து ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் தன் பக்கம் சுழலும் பெடலை எதிர்த்துத் தடுப்பார். இருவர் கால்களிலும் ஒரே விசை. ஆனால் தடுப்பவருக்கு ஆக்சிஜன் செலவு பல மடங்கு குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது, சிறிய உடல்வாகுள்ள ஒரு பெண் தடுக்க, மிதித்த ஆஜானுபாகுவான ஆண் சீக்கிரமே களைத்துப்போனார்.

உள்ளே நடப்பது இது. தசை சுருங்கும்போது மயோசின் என்ற புரதத்தின் சிறு தலைகள் பக்கத்து இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவு. பெடலைத் தடுக்கும்போதும் மலையிறங்கும்போதும் தசை சுருங்க முயன்றபடியே வெளிவிசையால் நீட்டப்படுகிறது. அப்போது பற்றிய தலைகளை வெளிவிசையே பிய்த்துவிடுகிறது. அந்த விடுபடலுக்கு ஏடிபி வேண்டாம். அதனால் குறைந்த எரிபொருளில் அதிக விசை. குறைந்த நார்களே வேலைக்கு வந்தால் போதும் என்பதால் மூச்சும் வாங்காது.

ஆனால் அந்தக் கொஞ்ச நார்களின் தலையில்தான் மொத்தச் சுமையும். அவற்றின் நுண் அலகுகளில் பலவீனமானவை அளவுக்கு மீறி நீண்டு சிதைகின்றன. வலி உடனே தெரியாது. ஒரு நாள் கழித்து ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும். டிப்சி பாதை தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே சுமார் 700 படிகள் உண்டு. ஓக்ஸ் தொடங்கிய போட்டியில் ஓடுபவர்கள் அவற்றை முதலில் ஏறுகிறார்கள். கடைசியில், நீந்தி, மிதித்து, மலையை இருமுறை தாண்டிய பிறகு, அதே படிகளில் இறங்குகிறார்கள். பாதையை வகுத்தவருக்குக் கொஞ்சம் குரூரம் இருந்திருக்க வேண்டும். உச்சிமேட்டுக்கு ‘கார்டியாக்’, அதாவது இதய மேடு என்று பெயர் வைத்தவர்கள் மூச்சை மட்டும் நினைத்தார்கள். தொடையை நினைத்திருந்தால் படிகளுக்கு அல்லவா பெயர் வைத்திருப்பார்கள்.

வயதும் உடலும் ஒத்துவராத நண்பர்களுக்கு டிப்சி ஓட்டம் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. வயதும் பாலினமும் பார்த்து, மெதுவானவர்களை நிமிடக்கணக்கில் முன்னதாகவே கிளப்பிவிடுவார்கள். முதலில் கோட்டைத் தொடுபவரே வெற்றியாளர். 1973ல் ஜெயித்தவர் மேரி எட்டா பாய்ட்டானோ என்ற பத்து வயதுச் சிறுமி. 1951லும் 1967லும் ஜெயித்த ஜாக் கிர்க் 95 வயதிலும் ஓடி முடித்தார்.

இறக்கம் தரும் காயத்துக்கு ஒரு விசித்திரமான பின்விளைவு உண்டு. ஒருமுறை நன்றாக மலையிறங்கித் தொடை கட்டிப்போய்க் குணமானவர், சில வாரம் கழித்து அதே இறக்கத்தை ஓடினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். பாதுகாப்பு பல வாரம், சிலரிடம் பல மாதம்கூட நீடிக்கும். முதல் தடவை நார் கிழியும் அளவுக்கு ஓட வேண்டியதும் இல்லை. மிதமான இறக்கமே போதும். இது ஏன்? பழுதான நார்களில் புதிய அலகுகள் சேர்வதால் என்கிறார்கள் சிலர். அடுத்த முறை நரம்பு மண்டலம் சுமையை அதிக நார்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் சான்று இருக்கிறது. மலைப் போட்டிக்குத் தயாராகும் நண்பர் கூட்டங்களில் பலர் வாரக்கணக்கில் ஏறித்தான் பழகுகிறார்கள். போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக, அரை வேகத்தில், ஒரே ஒரு நீண்ட இறக்கத்தை ஓடிவைத்தவருக்கு அந்த 700 படிகள் வேறு மாதிரி இருக்கும்.