ஹெரால்டு கார்களுக்கு ஒரு பதிவேடு

சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் பத்தாண்டு தயாரித்த கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலோட்டியின் வடிவமைப்பு; பின்னாளில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வடிவமும் வந்தது. இன்று எஞ்சியவை அரிதாகிவிட்டன. தஞ்சை, கும்பகோணம், நாகை வட்டாரத்தில் எஞ்சியவற்றைத் தொகுக்க உரிமையாளர் பதிவேடு வேண்டும்.

அதற்கு ஆதாரம் சாசி எண்தான். பதிவெண் வண்டி வேறு மாநிலத்துக்குப் போனால் மாறலாம், எஞ்சினும் மாற்றப்பட்டிருக்கலாம். ஹெரால்டில் இன்னொரு சிக்கல் உண்டு: தனிச் சட்டத்தின் (சாசியின்) மேல் உடற்பகுதி போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டது. ஒரு வண்டியின் உடல் இன்னொன்றின் சட்டத்தில் ஏறிவிடும். ஆகவே சாசி, எஞ்சின், உடற்பகுதி எண்களைத் தனித்தனியே குறித்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டு, எண் பொறித்த இடத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும். நாகைக் கடற்கரை உப்புக்காற்றில் துருப்பிடித்து எண் அழியும் முன்பே இதைச் செய்வது நல்லது.

உடைத்து விற்கப்பட்ட வண்டிக்கும் பதிவு இருக்க வேண்டும். அதன் எண் வேறு வண்டியில் தோன்றினால், திருட்டு எண்ணோ போலி எண்ணோ அப்போதுதான் பிடிபடும். உரிமையாளரின் முகவரியை வெளியிடக் கூடாது.

அரசுப் பதிவைப் பொறுத்தவரை, 2021 மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகள் ‘வி.ஏ.’ எழுத்துகளுடன் பழங்கால வாகனமாகப் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும்.